டெல்டா மீட்டர்கேஜ் மாதிரி ரயில் பெட்டிகள்

டெல்டா மீட்டர்கேஜ் மாதிரி ரயில் பெட்டிகள் என்பவை காவிரி டெல்டாவின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் ஓடிய மீட்டர்கேஜ் பயணியர் பெட்டிகள், சரக்கு வேகன்கள், கார்டு வேன்கள் ஆகியவற்றை ஒரே விகிதத்தில் அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்யும் உருவங்கள். கடையில் விற்கும் பொம்மை ரயிலில் சக்கரமும் சன்னலும் செய்பவரின் வசதிக்கேற்ப இருக்கும். மாதிரி ரயிலில் ஒவ்வோர் அளவும் உண்மை வண்டியின் அளவிலிருந்து வகுத்து எடுக்கப்படும். இத்துறையில் எஞ்சின்களுக்கே பேர் அதிகம். ஆனால் டெல்டாவின் ரயில் வாழ்க்கையை உள்ளபடி காட்டுபவை நெல்லும் உப்பும் ஏற்றிய வேகன்களும் கம்பிச் சன்னல் வைத்த இரண்டாம் வகுப்புப் பெட்டிகளுமே.

பாதையின் வரலாறு

டெல்டாவில் முதலில் போடப்பட்டது அகலப்பாதை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1676 மி.மீ. அகலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861-லும், அங்கிருந்து திருச்சிராப்பள்ளி வரை 1862-லும் பாதை திறந்தது. நாகைத் துறைமுகத்துக்கு நெல் வந்து சேர வேண்டும், அங்கு இறங்கும் சரக்கு உள்நாட்டுக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். 1870-ல் வைசிராய் மேயோ பிரபு, செலவைக் குறைக்கும் பொருட்டு, இனிப் போடும் பாதைகளில் பெரும்பகுதி ஒரு மீட்டர் அகலத்தில் இருக்கலாம் என்று முடிவெடுத்தார். அவருடைய முடிவின் விளைவாக, கிரேட் சதர்னுக்குப் பின் உருவான சவுத் இந்தியன் ரயில்வே அதன் பழைய அகலப்பாதைகளையும் 1879-க்குள் மீட்டர்கேஜாகக் குறுக்கிவிட்டது. அன்று பணம் மிச்சமானது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு மறுபடியும் அகலப்படுத்த ஆன செலவும், இரண்டு பாதைகள் சந்தித்த நிலையங்களில் மூட்டையை இறக்கி ஏற்றிய கூலியாட்களின் உழைப்பும் மிக அதிகம்.

சென்னையிலிருந்து விழுப்புரம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சென்ற மீட்டர்கேஜ் தடமே நெடுங்காலம் தெற்கின் முதன்மைத் தடமாக இருந்தது. இன்றும் அதை 'மெயின் லைன்' என்றுதான் சொல்கிறார்கள். பாம்பன் பாலம் 1914-ல் திறந்தபின் இலங்கைப் பயணியரைத் தனுஷ்கோடிக் கப்பலுக்குக் கொண்டுசேர்த்த போட் மெயில் ஓடியதும் இத்தடத்தில்தான்.

கிளைப்பாதைகளின் கதை இன்னும் சுவையானது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு ஒரு சிறு செஸ் வசூலித்துச் சேர்த்த பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894-ல் சொந்தமாகப் பாதை போட்டது. அது 1903-ல் அறந்தாங்கிவரை நீண்டது. ஓர் உள்ளாட்சி அமைப்பு மிராசுதாரும் குடியானவரும் கட்டிய காசில் ரயில்பாதைக்கு உடைமையாளராக இருந்தது நாடு முழுவதும் கவனிக்கத்தக்க முன்மாதிரி. காரைக்காலைப் பேரளத்தோடு இணைத்த பாதை பிரெஞ்சு ஆட்சியின் முயற்சியால் 1898-ல் வந்தது. மாயவரம்–தரங்கம்பாடிக் கிளை 1926-ல் திறந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்குச் சென்ற கிளையில் உப்பளத்து உப்பு வேகன் வேகனாக வெளியேறியது.

பெட்டிகளைப் பழுதுபார்த்த பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது திருச்சிப் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928-ல் நடந்த ரயில்வே வேலைநிறுத்தம் இந்தக் காலத்தைச் சேர்ந்தது. துறைமுகமும் பணிமனையுமாக இருந்த நாகை, அந்த இழப்பிலிருந்து மீளவேயில்லை.

வகைப்பாடு

இந்திய ரயில்வே எஞ்சின் குறியீட்டில் முதல் எழுத்து பாதையின் அகலத்தைக் காட்டும். டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர்கேஜ். நீராவி எஞ்சினில் அடுத்த எழுத்தும், டீசலில் மூன்றாம் எழுத்தும் வேலையைச் சொல்லும். ஒய்பி பயணியர் எஞ்சின், ஒய்ஜி சரக்கு எஞ்சின், ஒய்டிஎம்4 இரண்டு வேலைக்குமான டீசல். பெட்டிகளில் ஜிஎஸ் என்பது பொது இரண்டாம் வகுப்பு. எஸ்எல்ஆர் என்பது பயணியர், சரக்கு, கார்டு ஆகிய மூன்றுக்கும் இடம் பிரித்த பெட்டி. நான்கே பெட்டியோடு வயல்வெளியில் ஓடிய டெல்டா பாசஞ்சருக்கு ஒரு எஸ்எல்ஆர் இல்லாமல் முடியாது. ஆகவே சேகரிப்பவர் முதலில் செய்ய வேண்டிய பெட்டியும் அதுதான். வேகன்களில் மூடிய நான்கு சக்கர வேகன், மூடிய போகி வேகன், திறந்த வேகன், நான்கு சக்கர கார்டு வேன் ஆகியவை டெல்டாவுக்குப் போதும்.

காலத்தை வைத்துப் பார்த்தால் மூன்று பிரிவுகள் உண்டு: 1944-ல் அரசுடைமையாகும்வரை சவுத் இந்தியன் ரயில்வேயின் மர உடல் பெட்டிகள், 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே பிறந்தபின் வந்த எஃகுப் பெட்டிகள், 1990-களில் நீல வண்ணம் பூசியவை. இரண்டாம் பிரிவின் செங்காவி நிறப் பெட்டிகளையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள்.

விகிதமும் தடமும்

உலகில் மிகுதியாக வழங்குவது எச்ஓ எனப்படும் 1:87 விகிதம். அதற்கான ஆயத்தத் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலமுள்ளது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் 1435 மி.மீட்டரை வகுத்து வந்த அளவு அது. இதே விகிதத்தில் இந்திய அகலப்பாதை 19.3 மி.மீ. ஆக வேண்டும், மீட்டர்கேஜ் 11.5 மி.மீ. ஆக வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் மலைப்பாதைகளுக்காக விற்கப்படும் எச்ஓஎம் தண்டவாளம் 12 மி.மீ. என்பதால் நமக்கு அரை மில்லிமீட்டர்தான் வேறுபாடு.

எளிதில் கிடைக்கிறது என்று சிலர் மீட்டர்கேஜ் பெட்டியையும் 16.5 மி.மீ. தடத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அது தவறு. மீட்டர்கேஜ் பெட்டியின் உடல் ஏறக்குறைய 2.74 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் தடத்துக்கு வெளியே இருபுறமும் 87 செ.மீ. பிதுங்கி நிற்கும். ஒல்லியான பாதையில் அகலமான உடல் என்பதே அதன் முகவெட்டு. சக்கரத்தை விலக்கி வைத்தால் அந்த முகம் போய்விடும். 12 மி.மீ. தடமே சரி.

செய்முறை

சுமார் 19.5 மீட்டர் நீளப் பெட்டி 1:87-ல் 224 மி.மீ. ஆகும், அகலம் 31.5 மி.மீ. உடலுக்கு அரை மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தகடு ஏற்றது. அட்டையும் பயன்படும், ஆனால் ஐப்பசி அடைமழையில் நெளிந்துவிடும். பழைய வேகன்களின் ரிவெட் வரிசையைத் தகட்டின் உட்புறத்திலிருந்து மொக்கை ஊசியால் அழுத்தி எழுப்ப வேண்டும். ஒட்டும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பொறுமையைச் சோதிப்பது சன்னல் கம்பி. இரண்டாம் வகுப்புச் சன்னலின் குறுக்குக் கம்பி இந்த விகிதத்தில் 0.15 மி.மீ. அளவுக்கு வரும். மோட்டார் காயில் கட்டும் மெல்லிய செப்புக் கம்பி இதற்குச் சரியாகப் பொருந்தும். சன்னல்களை வெட்டியபின் தகட்டின் உட்பக்கம் பெட்டி நீளத்துக்குக் கம்பியை இழுத்துக் கட்டி, சன்னல்களுக்கு இடையில் மட்டும் ஊசிமுனையால் பசை தொட்டுவைக்க வேண்டும். ஒரு கம்பி தொய்ந்தாலும் முழுப் பெட்டியும் கோணலாகத் தெரியும்.

பெட்டியின் முகப்பில் கவனம் வேண்டும். பழைய அகலப்பாதை வண்டிக்கு இரண்டு ஓரங்களிலும் பஃபர் இருக்கும். மீட்டர்கேஜ் வண்டிக்கு நடுவில் ஒன்றே ஒன்று, அதனோடு கொக்கி. இறக்குமதிப் பெட்டிக்குச் சாயம் அடித்துத் தென்னக ரயில்வே என்று பெயர் எழுதுபவர்கள் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான். நிறத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்தளமே பாதி வேலையை முடித்துவிடும். உப்பு ஏற்றிய வேகன் என்றால் கதவின் அடிப்பகுதியிலும் தரைத்தகட்டின் விளிம்பிலும் துரு கூடுதலாக இருக்க வேண்டும்.

அயர்லாந்து ஒப்பீடு

இக்கலையில் டெல்டாவுக்கு நெருங்கிய உறவு அயர்லாந்து. அங்கும் பாதை உலக வழக்கத்துக்கு மாறானது. முதன்மைப் பாதை 1600 மி.மீ., கிளைகளில் பல மூன்றடி அகலம். பிரிட்டிஷ் வழக்கமான அடிக்கு 4 மி.மீ. கணக்கில் முதலாவது 21 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் பெரும்பாலோர் 16.5 மி.மீட்டரோடு ஒத்துப்போய்விட்டனர். மூன்றடிப் பாதையோ அச்சொட்டாக 12 மி.மீ. வருகிறது. ஆக, டோனகல் கிளைப்பாதை செய்பவரும் திருத்துறைப்பூண்டிக் கிளை செய்பவரும் ஒரே அகலத் தண்டவாளத்தை வாங்கலாம்.

அங்கும் நெடுங்காலம் பிரிட்டிஷ் பெட்டிக்குச் சாயம் மாற்றி ஒப்பேற்றினார்கள். பிறகு மர்ஃபி மாடல்ஸ், ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்நாட்டு எஞ்சின்களையும் வேகன்களையும் அளவெடுத்துச் செய்து விற்கத் தொடங்கின. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு ஏற்றிய வேகன்கள் சேகரிப்பாளரின் செல்லம். கடைசிச் சர்க்கரை ஆலை 2006-ல் மூடியபோது அந்த அறுவடைக்கால ரயில்களும் நின்றுபோயின. ரயில்வேயில் பணியாற்றிய சிரில் ஃபிரை வாழ்நாள் முழுதும் கையால் செய்த தொகுதி, டப்ளினுக்கு அருகே மலஹைடில் காட்சிக்கு இருக்கிறது. ஒருவரின் கைவேலையை ஊர் பொதுச்சொத்தாகக் காத்த இம்முறை தஞ்சைக்கும் பொருந்தும்.

சேகரிப்பு

தமிழ் வீடுகளில் மாதிரி ரயிலின் இயற்கையான இடம் நவராத்திரிக் கொலு. படிகளுக்குக் கீழே மண் பரப்பி, கேழ்வரகு முளைக்கவைத்துப் போடும் 'பார்க்'கில் சாவி கொடுத்து ஓடிய தகர ரயிலும், பின்னர் பேட்டரி ரயிலும் இடம்பெற்றன. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சை நெட்டி வேலையின் வெண்மையான நெட்டித் தண்டு, நிலையக் கட்டடமும் கோபுரமும் செய்ய மிகவும் ஏற்றது. நாட்டளவில் பார்த்தால், புனேயில் 1998-ல் திறந்த ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் பெயர்பெற்றது. சென்டி டாய்ஸ் நிறுவனம் இந்திய அகலப்பாதை ரயில்களைப் பிளாஸ்டிக் பொம்மைகளாக மலிவு விலையில் விற்கிறது.

இன்றைய நிலை

விழுப்புரம்–தஞ்சாவூர் மெயின் லைன் முழுவதும் 2010-க்குள்ளும், மயிலாடுதுறை–திருவாரூர் 2012-லும், திருவாரூர்–காரைக்குடி 2019-லும், அகஸ்தியம்பள்ளிக் கிளை 2023-லும் அகலப்பாதையாயின. அரவைக்குச் செல்லும் நெல் இன்று 42 வேகன் கொண்ட, பிசிஎன் எனப்படும் மூடிய அகலப்பாதை வேகன் தொடர்களில் போகிறது. தமிழ்நாட்டில் எஞ்சியுள்ள மீட்டர்கேஜ் நீலகிரி மலைப்பாதை மட்டுமே.

பழைய பெட்டிகளை அளந்து பார்க்கச் சென்னைப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகமும் திருச்சி ரயில் பாரம்பரிய மையமும் உள்ளன. மற்றவற்றுக்குப் புகைப்படங்களே ஆதாரம். பெட்டியின் முகப்பில் அதன் எண், கடைசியாகப் பழுதுபார்த்த தேதியான பி.ஓ.எச்., பொன்மலைப் பணிமனையின் குறியான ஜி.ஓ.சி. ஆகியவை எழுதப்பட்டிருக்கும். மாயவரம், திருவாரூர், நாகை நிலையங்களில் எடுத்த குடும்பப் படங்களில் பின்னணியாக ஒரு பெட்டியின் முகப்பு விழுந்திருந்தால், அந்தப் படத்தைத் தயவுசெய்து தூக்கிப்போட்டுவிடாதீர்கள். எடுத்த ஊரையும் ஆண்டையும் பின்புறம் எழுதி வையுங்கள்.