மேற்கோளை எண்ணி மேதையை அளக்கலாமா?

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், அடுத்த முறை கல்லூரி நூலகத்துக்குப் போகும்போது ஓர் ஆய்விதழை எடுத்து, ஏதேனும் ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சிறிய எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். இந்த ஆராய்ச்சிக்கு உதவிய முந்தைய கட்டுரைகள் எவை, எழுதியவர் யார், எந்த இதழில், எந்த ஆண்டில் வெளிவந்தன என்ற விவரங்கள் அதில் இருக்கும். பிறரிடமிருந்து பெற்ற கருத்துக்கு அவருடைய பெயரைச் சொல்லிவிடுவது அறிஞர்கள் கடைப்பிடிக்கும் ஒழுக்கம். இதையே மேற்கோள் காட்டுதல் என்கிறோம்.

இந்தப் பட்டியல்களை எல்லாம் ஒன்று திரட்டி, எந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து ஒரு தனித்துறையே பிறந்துவிட்டது. ஆசிரியருக்குப் பதவி உயர்வு, ஆய்வுக்கூடத்துக்குப் பணம், பல்கலைக்கழகத்துக்குத் தரவரிசை ஆகியவற்றை முடிவு செய்வதில் இன்று இந்த எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு. இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் சரியானது? நாகர்கோவிலில் படித்த ஒரு கணித மேதையின் வரலாற்றைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம்.

எண்ணத் தொடங்கிய கதை

மேற்கோள்களைத் தொகுக்கும் வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், சட்டத் துறையினர். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டனவா, தள்ளிவிட்டனவா என்று வக்கீல்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இதற்காக அமெரிக்காவில் பிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873-இல் தீர்ப்புகளின் மேற்கோள் அடைவு ஒன்றை வெளியிடத் தொடங்கினார்.

1927-இல் இந்த முறை நூலகத்துக்குள் நுழைந்தது. ஒரு சிறிய கல்லூரியின் நூலகத்துக்கு எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்று அறிய விரும்பினர் கிராஸ் என்ற பெயருடைய இரு அமெரிக்கர்கள். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926-ஆம் ஆண்டுத் தொகுதியில் எந்தெந்த இதழ்கள் மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று அவர்கள் எண்ணினார்கள். அதிகம் குறிப்பிடப்பட்ட இதழை முதலில் வாங்குவது என்பது அவர்கள் கண்ட வழி.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலக வேலைகளுக்குக் கணித முறைகளைப் பயன்படுத்தும் ஒரு துறை தேவை என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் எடுத்துரைத்தார். அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று அவர் பெயரிட்டார்.

இன்றைய முறையை உருவாக்கியவர் பிலடெல்பியா நகரில் பணிபுரிந்த யூஜின் கார்பீல்டு. 1955-இல் தம் திட்டத்தை அறிவித்து, 1964 முதல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்னும் அறிவியல் மேற்கோள் அடைவை முறையாக வெளியிட்டு வந்தார். இதன் பயன் என்ன? ஒரு கட்டுரையின் கடைசிப் பட்டியல் நம்மைப் பின்னோக்கித்தான் அழைத்துச் செல்லும். அடைவோ முன்னோக்கி அழைத்துச் செல்லும். 1940-இல் வந்த ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆக, இது தேடுவதற்காகச் செய்த கருவி. எடை போடும் தராசாக அது மாறியது பின்னால்தான்.

நாகர்கோவிலில் படித்த மாணவர்

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-இல் குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் கிராமத்தில் பிறந்தார். பிறந்து ஓராண்டுக்குள் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையையும் இழந்தார். செங்கோட்டைப் பள்ளியில் அவருடைய திறமையை அறிந்திருந்த ஆசிரியர் ஒருவர் பண உதவி செய்து படிப்பு தொடர வழிசெய்தார். அப்படித்தான் அவர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரிக்கு வந்து இன்டர்மீடியட் படித்தார். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னையில் ஆராய்ச்சி மாணவராக இருந்து, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

சிதம்பரத்தில் இருந்தபோதுதான் அவர் 'வாரிங் கணக்கு' என்னும் புகழ்பெற்ற புதிரில் இறங்கினார். 1770-இல் ஆங்கிலேயக் கணிதர் வாரிங் கிளப்பிய கேள்வி அது. எந்த எண்ணையும் அதிகமாகப் போனால் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம். உதாரணமாக, 7 என்பது 4+1+1+1. கனங்கள் என்றால் ஒன்பது போதும். 23 என்ற எண்ணை எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள்: இரண்டு 8, ஏழு 1, ஆக ஒன்பது. நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி என்று போனால் எத்தனை தேவைப்படும்?

இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. ஆறாம் படிக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். 2-இன் ஆறாம் படி 64. ஒன்றரையின் ஆறாம் படி 11.39, அதில் முழு எண் 11. இரண்டையும் கூட்டி 2-ஐக் கழித்தால் 73. இத்தனையாவது தேவை என்று காட்டுவது எளிது. இத்தனை போதும் என்று நிறுவுவதுதான் கடினம்.

1936-இல் பிள்ளை, ஏழாம் படி முதல் மேலே உள்ள படிகளுக்கு இந்தக் கணக்கை ஏறத்தாழ முழுவதும் தீர்த்துவிட்டார். 1940-இல் ஆறாம் படிக்கு 73 போதும் என்றும் நிறுவினார். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது பின்னால் வந்த ஆண்டுகளைப் பார்த்தால் தெரியும். ஐந்தாம் படிக்கான விடை 37 என்று சீனக் கணிதர் சென் ஜிங்ருன் 1964-இல் நிறுவினார். நான்காம் படிக்கான விடை 19 என்று நிறுவப்பட்டது 1986-இல். அதைச் செய்த மூவரில் ஒருவர் நம் நாட்டு ஆர். பாலசுப்பிரமணியன்.

ஆனால் ஒரு சிக்கல். ஏறத்தாழ அதே காலத்தில் சிகாகோவில் டிக்சன் என்ற பெரும் புகழ் பெற்ற கணிதரும் ஏழாம் படி முதல் மேலே உள்ள படிகளுக்குத் தனியே இதே முடிவுக்கு வந்தார். அவருடைய கட்டுரைகள் அமெரிக்க இதழ்களில் வந்தன. பிள்ளையின் கட்டுரைகள் இந்தியக் கணிதக் கழக இதழிலும், தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் வந்தன. எந்த இதழ் உலகெங்கும் நூலக மேசைகளில் கிடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் தீர்த்தவர் யார் என்ற விவாதம் எழுந்ததில் வியப்பில்லை. இன்று நூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன.

1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையம் ஓராண்டு தங்கி ஆராய்ச்சி செய்யப் பிள்ளையை அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள அவர் புறப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 49.

அடைவில் தேடினால்

இனி மேற்கோள் அடைவில் பிள்ளையைத் தேடுவோம்.

முதல் தடை காலம். அடைவு வெளிவரத் தொடங்கியபோது அவர் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் உயிரோடு இருந்தபோது அவரைப் படித்தவர்களின் கணக்கு அப்போது அந்த அடைவில் இல்லை.

இரண்டாம் தடை பெயர். மேல்நாட்டு அடைவுகள் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, மற்றவற்றை முதலெழுத்தாகச் சுருக்கிவிடும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. சிவசங்கரநாராயணன் என்ற இயற்பெயர் ஓர் எழுத்தாகிவிட, 'பிள்ளை' என்ற பொதுப்பட்டமே அவருடைய பெயராகிவிட்டது. நாஞ்சில் நாட்டில் ஒரு தெருவில் நின்று "பிள்ளைவாள்" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்! அடைவிலும் அதே கதைதான். புள்ளியியல் மாணவர்களுக்குப் 'பிள்ளையின் டிரேஸ்' என்ற சோதனை தெரிந்திருக்கும். அதைத் தந்தவர் கேரளத்தைச் சேர்ந்த கே. சி. ஸ்ரீதரன் பிள்ளை, வேறு ஒருவர்.

மூன்றாம் தடை புகழே. 1 முதல் 6 வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் 6-க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணியை எடுத்துக் கூட்டுங்கள்: 1+2+3+2+1+6=15. இத்தகைய கூட்டுத்தொகையைப் பற்றி அவர் 1933-இல் எழுதினார். இன்று இதற்குப் 'பிள்ளை சார்பு' என்றே பெயர். ஒரு கருத்து இப்படிப் பொதுச் சொத்தாகிவிட்டால், மூலக் கட்டுரையைத் தேடிப் பிடித்துக் குறிப்பிடுவோர் குறைந்துவிடுவார்கள். நியூட்டனின் விதியைப் பயன்படுத்தும் எவரும் நியூட்டன் எழுதிய நூலைப் பட்டியலில் சேர்ப்பதில்லை அல்லவா?

நான்காம் தடை பொறுமையின்மை. ஓர் இதழின் தாக்கத்தை அளக்க வழக்கமாக எடுத்துக்கொள்வது அதில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களைத்தான். கணிதத்தில் இரண்டாண்டு என்பது கண் இமைக்கும் நேரம். வர்க்கம், கனம் போன்ற முழுப்படி எண்களுக்கு இடையே குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் எண்ணி முடிக்கக்கூடிய தடவைகளே வரும் என்று பிள்ளை ஊகித்தார். வித்தியாசம் 1 என்ற ஒரே ஒரு நிலையை மிகைலெஸ்கு என்பவர் 2002-இல்தான் நிறுவினார். பிள்ளையின் முழு ஊகம் இன்னும் தீர்க்கப்படவில்லை.

அப்படியானால் எண்ணவே கூடாதா?

எண்ணலாம்; பயனும் உண்டு. ஒரு கருத்து எந்த வழியாக, எந்த நாட்டுக்கு, எந்தத் துறைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்ட மேற்கோள் கணக்கைப் போல வேறு கருவி இல்லை. ஆனால் அது காட்டுவது எவ்வளவு பேர் பார்த்தார்கள், பயன்படுத்தினார்கள் என்பதை மட்டுமே. மரக்காலைக் கொண்டு களத்தில் கிடக்கும் நெல்லை அளக்கலாம். வயலின் வளத்தை அதே மரக்காலால் அளக்க முடியுமா?

2010-இல் பிள்ளையின் கட்டுரைகள் அனைத்தும் பாலசுப்பிரமணியன், தங்கதுரை ஆகியோர் பதிப்பில் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. சிதம்பரத்து இதழின் பழைய பக்கங்கள் இப்போது எவர் கைக்கும் எட்டும். எண்ணிக்கையில் விடுபட்டவரை மீட்கும் வழி இதுதான்: தேடி எடுப்பது, படிப்பது, பதிப்பது.

மாணவர்களே, நாளை நீங்களும் ஆராய்ச்சி செய்யக்கூடும். அப்போது இரண்டு காரியங்களை மறவாதீர்கள். எடுத்தாண்ட கருத்துக்கு உரியவரின் பெயரை, அவர் எந்தச் சிறிய ஊரின் சிறிய இதழில் எழுதியிருந்தாலும், சரியாகவும் முழுமையாகவும் குறிப்பிடுங்கள். ஒருவரின் ஆராய்ச்சியை மதிப்பிடும் பொறுப்பு உங்களிடம் வந்தால், எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் கட்டுரையைப் படித்துப் பாருங்கள்.