இரண்டு சூரிய உதயம் கண்ட விமானப் பயணம்



நமது மாத்தளை மாவட்டத்திலிருந்து வெளிநாடு சென்றவர்கள் பலர். கட்டுநாயக்கவில் ஏறினால் ஐந்து மணித்தியாலமளவில் டோஹாவில் இறங்கிவிடுகிறோம். விமானம் கொஞ்சம் பிந்தினாலும் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆனால் இதே இலங்கையிலிருந்து எங்கும் தரிக்காமல் சுமார் 30 மணித்தியாலம் பறந்த பயணிகள் விமானமொன்று இருந்தது.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த ஆகாய வழி அத்தோடு அறுந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் குண்டு விழுந்தது. வேறு வழியின்றி 1943இன் நடுப்பகுதியில், காலி மாவட்டத்தின் கொக்கல வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனம் நேரடிச் சேவை தொடங்கியது. நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 5,650 கிலோமீற்றர். நடுவில் கடல் மட்டுமே.

பறந்தது கட்டலினா என்னும் கடல் விமானம். தண்ணீரில் எழும்பி தண்ணீரிலேயே இறங்கும். வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர். இதைக் கொண்டு பிள்ளைகளை ஒரு கணக்குச் செய்யச் சொல்லுங்கள்: 28 மணித்தியாலம் வரும். எதிர்க்காற்று வீசினால் இன்னும் கூடும். மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிடம். இன்றைய ஜெட் விமானத்துக்கு இதே தூரம் ஏழு மணித்தியாலமளவே எடுக்கும்.

பாரமெல்லாம் எரிபொருள்தான். அதனால் பயணிகள் மூன்று பேர், கொஞ்சம் கடிதங்கள், அவ்வளவே. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்த்தார்கள். நம்மவர் ஒருவர் ஏறியிருந்தால் ஆகாயத்திலேயே இரண்டு சுபஹ் தொழுதிருப்பார்!

எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் வானொலியில் பேச முடியாது. இரவில் வழிகாட்டியவை நட்சத்திரங்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள்: அல்டேர், வேகா, ரைஜல், ஸ்பைக்கா, அண்டாரஸ்.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டும். இவற்றில் முதல் மூன்றும் அரபுச் சொற்களிலிருந்து வந்தவை. அல்டேர் என்பது 'பறக்கும் கழுகு', வேகா 'இறங்கும் கழுகு', ரைஜல் 'கால்'. 964ஆம் ஆண்டளவிலேயே அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி நட்சத்திரங்களைப் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். மற்ற இரண்டும் தமிழுக்குப் புதியவையல்ல. ஸ்பைக்காதான் சித்திரை, அண்டாரஸ்தான் கேட்டை. நாம் பேசும் மொழியும் ஓதும் மொழியும் ஒரே வானத்தை வாசித்திருக்கின்றன.

1945 ஜூலை வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை.

நமது மாவட்டத்துக்கும் இந்த யுத்தகால ஆகாய வரலாற்றில் பங்குண்டு. சீகிரியா விமானத்தளம் அந்தக் காலத்தில் உருவானதுதான். 1943–44இல் பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் படைப்பிரிவு அங்கிருந்து லிபரேட்டர் விமானங்களைப் பறக்கவிட்டது. நாமோ சீகிரியாவுக்குச் சுற்றுலா போய், குன்றைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதில்லை.

அந்த நாட்களைக் கண்ட மூத்தவர்கள் இனி மிகச் சிலரே. உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டியவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். யுத்த நாட்களில் எதைச் சாப்பிட்டார்கள், எதற்குப் பயந்தார்கள், ஆகாயத்தில் எதைப் பார்த்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஊர் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.