எதிர்காலத்தில் யாருக்கு இருக்கை? 'ஸ்டார் ட்ரெக்' வரலாறு குறித்து ஓர் இரசிகரின் குறிப்புகள்

'ஸ்டார் ட்ரெக்' இரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும் என்று எளிதில் சொல்லிவிடலாம். எந்தக் கேப்டன் சிறந்தவர், எந்தத் தொடர் அறுவை, புதிய படங்கள் பழையவற்றின் பெயரைக் கெடுத்துவிட்டனவா என்று விடிய விடிய வாதாடுவோம். கடைசியில் யாராவது ஒருவர் பெருமையாகச் சொல்வார்: "என்ன இருந்தாலும் அறுபதுகளிலேயே ஒரு கறுப்பினப் பெண்ணை விண்கலத்தில் உட்கார வைத்த தொடர் அல்லவா!"

நானும் பல ஆண்டுகள் இதைச் சொல்லி வந்தேன். இது பொய்யல்ல. ஆனால் 'உட்கார வைத்த' என்ற சொல் இப்போது உறுத்துகிறது. உட்கார்ந்தவருக்கு எவ்வளவு பேச இடம் கிடைத்தது? அவர் எழுந்து போகாமல் தடுத்தது யார்? அவருக்கான வசனத்தை எழுதியது யார்? இந்தக் கேள்விகளோடு தொடரின் வரலாற்றைப் படித்தால் நம் பெருமையில் பாதி கைமாறி வேறு சிலருக்குப் போய்விடும்.

தொடர் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் நிறைவேறி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதைக் குற்றமாக்கிய சட்டங்கள் சில மாநிலங்களில் இன்னும் உயிரோடு இருந்தன. உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்று அறிவித்தது 1967 ஜூன் மாதத்தில்தான்.

அந்த நாட்டில்தான் ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இந்தத் தொடர் 23ஆம் நூற்றாண்டைக் காட்டியது. கலத்தை ஓட்டும் சுலுவாக ஜார்ஜ் டக்கே நடித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. ஐந்து வயதில் குடும்பத்தோடு அப்படி அடைபட்ட குழந்தைதான் டக்கே. தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ். சுவாஹிலி மொழியில் 'உஹுரு' என்றால் விடுதலை.

விடுதலையின் பெயர் வைத்தார்கள். வசனம்தான் வைக்கவில்லை. அழைப்பு வந்திருக்கிறது, அலைவரிசை திறந்திருக்கிறது என்று சொல்வதே பல வாரங்களில் உஹுராவின் வேலையாக இருந்தது. அவருடைய முதற்பெயர் 'நியோட்டா' என்பது திரையில் முதன்முதலாக ஒலித்தது 2009 திரைப்படத்தில். ஒரு பாத்திரத்தின் முழுப்பெயரைச் சொல்ல 43 ஆண்டுகள்!

முதல் பருவம் முடிந்ததும் விலகிவிட நிக்கோல்ஸ் முடிவெடுத்தார். அதன்பின் நடந்ததை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு ஒன்றின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தபோது, அவருடைய இரசிகர் ஒருவர் சந்திக்க விரும்புவதாகச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங். விலகப் போவதாக நிக்கோல்ஸ் சொன்னதும் கிங் கூடாது என்று மறுத்தார். வேலைக்காரியாக அல்லாமல் அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் வாரந்தோறும் வீட்டுத் திரையில் தெரிவதன் பொருளை எடுத்துச் சொன்னார். நிக்கோல்ஸ் விலகும் முடிவைக் கைவிட்டார்.

இருக்கையைக் கொடுத்தது தயாரிப்பாளர்கள்தான். அது காலியாகாமல் பார்த்துக்கொண்டது தெருவில் போராடிக்கொண்டிருந்த ஒரு இயக்கத்தின் தலைவர். இரசிகர்களான நாம் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான கிர்க், உஹுரா முத்தக் காட்சி எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும். என் கருத்தைக் கேட்டால், அதைக் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகிறோம். கதைப்படி இருவரும் விரும்பி முத்தமிடவில்லை. வேற்றுக் கோளினர் மன ஆற்றலால் அவர்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள். 1968இல் அந்தக் காட்சிக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அந்தத் துணிச்சலும் ஒரு சாக்கை வைத்துக்கொண்டுதான் வந்தது.

எனக்குப் பெரிதாகத் தெரிவது தொடர் முடிந்தபின் நடந்ததுதான். 79 பகுதிகளோடு 1969இல் தொடரை நிறுத்திவிட்டார்கள். அதுவரை அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய எல்லோரும் வெள்ளை ஆண்கள். எழுபதுகளில் நிக்கோல்ஸ் இதைப் பொதுமேடையில் கேள்வி கேட்டார். 1977இல் நாசா அவருடைய உதவியையே நாடியது. பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கச் சொல்லி அவர் நாடெங்கும் பயணம் செய்தார்.

1978 ஜனவரியில் நாசா தேர்ந்தெடுத்த 35 பேரில் ஆறு பேர் பெண்கள், மூவர் கறுப்பினத்தவர், ஒருவர் ஆசிய வம்சாவளியினர். அந்தக் குழுவின் சாலி ரைட் 1983இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார். அதே ஆண்டில் கயன் ப்ளூஃபோர்ட் முதல் கறுப்பின அமெரிக்கராகச் சென்றார். அதே குழுவின் ரொனால்ட் மெக்நேர், ஜூடித் ரெஸ்னிக், எலிசன் ஒனிசுகா ஆகியோர் 1986 சேலஞ்சர் விபத்தில் உயிரிழந்தார்கள். உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். மறு ஆண்டே 'ஸ்டார் ட்ரெக்'கிலும் சிறு வேடத்தில் தோன்றினார். இவர்கள் படித்து, உழைத்துத் தகுதி பெற்றவர்கள். உள்ளே வரச் சொல்லி அழைப்பு வராமல் இருந்ததுதான் குறை.

இனி என் மனதுக்கு நெருக்கமான தொடருக்கு வருகிறேன். எந்தத் தொடர் சிறந்தது என்று கேட்டால் யோசிக்காமல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்பேன். 1993இல் தொடங்கிய அதன் நாயகன் பெஞ்சமின் சிஸ்கோவாக ஏவரி ப்ரூக்ஸ் நடித்தார். முந்தைய இரண்டு தொடர்களின் நாயகர்களும் தொடக்கத்திலேயே கேப்டன்கள். சிஸ்கோ மட்டும் மூன்று பருவங்கள் கமாண்டராக இருந்து பிறகுதான் கேப்டன் ஆனார்.

அதில் 1998இல் வந்த 'ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்' பகுதியை ப்ரூக்ஸே இயக்கினார். 1953ஆம் ஆண்டு நியூயார்க்கில் பென்னி ரஸ்ஸல் என்ற கறுப்பின எழுத்தாளர், அறிவியல் புனைகதை இதழ் ஒன்றில் வேலை செய்கிறார். எழுத்தாளர்களைப் படமெடுக்கும் நாளில் அவரையும் ஒரு பெண் எழுத்தாளரையும் வர வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். கறுப்பினக் கேப்டன் ஒருவரைப் பற்றி அவர் எழுதிய கதை அச்சாகிறது. உரிமையாளரோ அந்த இதழ் முழுவதையும் அழித்துவிடுகிறார்.

இது வெறும் கற்பனையல்ல. சாமுவேல் டிலேனி தன் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட 'அனலாக்' இதழுக்கு அனுப்பியபோது, ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்துவிட்டார். கறுப்பின நாயகனை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இது நடந்தது அறுபதுகளின் பிற்பகுதியில். அதாவது, உஹுரா திரையில் இருந்த அதே காலத்தில்.

யார் எழுதுகிறார்கள், யாரைக் கேட்டு எழுதுகிறார்கள் என்பதில் 'ஸ்டார் ட்ரெக்' பலமுறை சறுக்கியிருக்கிறது. வட இந்தியச் சீக்கியர் என்று ஊகிக்கப்படும் கான் பாத்திரத்தில் 1967இல் மெக்சிகோ நடிகர் ரிக்கார்டோ மொண்டல்பான் நடித்தார். அந்தக் காலம் அப்படி என்று விட்டாலும், 2013இல் அதே வேடம் பிரிட்டன் வெள்ளையரான பெனடிக்ட் கம்பர்பேட்ச்சுக்குப் போனது. 1995இல் தொடங்கிய 'வாயேஜர்' தொடரில் அமெரிக்கப் பூர்வகுடிப் பாத்திரம் ஒன்று முக்கிய இடம் பெற்றது. அதற்கு ஆலோசகராக இருந்த ஜமேக் ஹைவாட்டர் பூர்வகுடியே அல்ல என்பது எண்பதுகளிலேயே அம்பலமான செய்தி. ஒரு மக்களின் வாழ்க்கையைக் காட்ட ஆசைப்பட்டவர்கள், அந்த மக்களிடமே கேட்டிருக்கலாம்.

2017இல் 'டிஸ்கவரி' தொடரில் சொனெக்வா மார்ட்டின்-கிரீன் நாயகியானபோது, 'ஸ்டார் ட்ரெக்கில் அரசியல் புகுந்துவிட்டது' என்று சில இரசிகர்கள் குமுறினார்கள். அந்தத் தொடரின் எழுத்து எனக்கும் பல இடங்களில் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம். ஆனால் அரசியல் புதிதாகப் புகவில்லை. 1966இல் உஹுராவின் வசனத்தை யார் எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்று முடிவு செய்த அறையிலேயே அது இருந்தது. அப்போது அது நம் கண்ணில் படவில்லை என்பதுதான் வித்தியாசம்.

நிஷெல் நிக்கோல்ஸ் 2022 ஜூலை 30 அன்று தன் 89ஆம் வயதில் காலமானார். அடுத்த முறை தொடரின் பெருமையைப் பேசும்போது அவர் விலக நினைத்ததையும், ஏன் விலகவில்லை என்பதையும், பின்னர் நாசாவுக்காக ஊர் ஊராகப் போனதையும் சேர்த்தே சொல்லுங்கள். இதுவரை 'ஸ்டார் ட்ரெக்' பக்கமே போகாதவர்களுக்கு ஒரு யோசனை: எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால், பென்னி ரஸ்ஸலின் அந்த ஒரு பகுதியை மட்டும் பாருங்கள்.