மூடுபனியைக் கலைத்த வெப்பம்

1963ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி காலையில் ஜூரிச் விமான நிலையத்தின்மீது கவிந்திருந்த மூடுபனி சற்றே விலகியிருக்குமானால், இந்த அத்தியாயத்தை எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது. ஜெனீவா வழியாக ரோமாபுரிக்குப் புறப்படவிருந்த சுவிஸ் ஏர் 306 என்ற கராவெல் ஜெட் விமானத்தின் விமானி, ஓடுபாதையில் பாதித் தூரம் தரையிலேயே ஓட்டிச் சென்று, பனியின் நிலையைப் பார்த்து, என்ஜின்களின் உஷ்ணக் காற்றினால் அதைக் கலைத்துவிட்டுத் திரும்பி வந்து கிளம்புவது என்று தீர்மானித்தார். பெட்ரோலை எரித்து ஓடுபாதைப் பனியைப் போக்கும் உபாயத்தை இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேயர் கையாண்டதுண்டு. ஆகவே அந்த யோசனையைப் புத்திகெட்ட காரியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் என்ஜின்கள் பெருவிசையுடன் முன்னே தள்ள, அந்த வேகத்தை அடக்குவதற்காகப் பிரேக்குகள் இடைவிடாமல் சக்கரங்களைப் பற்றிக்கொண்டிருந்தன. 7.13க்கு விமானம் மேலே எழும்பிற்று. சக்கரங்கள் வழக்கம்போல் உள்ளே மடங்கின. நாலைந்து நிமிஷங்களில், அதன் இடது புறத்திலிருந்து வெண்புகை நீள்வதையும், இறக்கையின் அடியில் தீ மூள்வதையும் தரையிலிருந்தவர்கள் கண்டார்கள். சுமார் 2,700 மீட்டர் உயரம் வரை ஏறிய விமானம், மெல்ல இடது பக்கம் திரும்பி, தாழ்ந்து, 7.22க்கு டூரெனெஷ் கிராமத்தின் ஓரத்தில் விழுந்து நொறுங்கியது. பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக 80 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த 80 பேரில் 43 பேர் ஹும்லிகோன் என்ற ஒரே கிராமத்தவர். அக்கிராமத்தின் மொத்த ஜனத்தொகையே 217தான்! ஜெனீவாவுக்கு அருகிலுள்ள விவசாயப் பரிசோதனைப் பண்ணை ஒன்றைப் பார்த்துவரக் கிளம்பிய குடியானவர்கள் அவர்கள். கணவனும் மனைவியுமாகப் போனவர்கள் பலர். கிராம மன்றத்தின் அங்கத்தினர்களும் அவர்களுடனேயே மாண்டார்கள். அநாதைகளாகிவிட்ட குழந்தைகளும், கவனிப்பார் இல்லாத வயல்களுமே அவ்வூரில் எஞ்சின.

விசாரணையாளர்கள் காரணத்தை வானத்தில் தேடவில்லை. ஓடுபாதைக்கே திரும்பி வந்தார்கள். அங்கே, உடைந்த சக்கர விளிம்பின் துண்டுகள் கிடந்தன. அளவுகடந்து சூடேறிய பிரேக்கினால் சக்கரமொன்று விமானம் தரையில் இருக்கும்போதே வெடித்துவிட்டது என்பது அதனால் விளங்கிற்று. திறந்த வெளியில் காற்றுப் பட்டு ஆறியிருக்கக்கூடிய அந்த உஷ்ணம், சக்கரங்கள் மடங்கியதும் காற்றோட்டமற்ற அறைக்குள் அடைபட்டுவிட்டது. ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்கள் சிதைந்து, கசிந்த எண்ணெயில் நெருப்புப் பற்றி, அந்த அக்கினி விமானத்தின் இன்றியமையாத பாகங்களையே அழித்துவிட்டது. பிரேக் சூடேறியிருக்கிறது என்று ஐயம் தோன்றினால், சக்கரங்களைச் சிறிது நேரம் வெளியே தொங்கவிட்டு ஆறவைத்த பிறகே உள்ளிழுப்பது இன்று விமானிகள் கைக்கொள்ளும் ஜாக்கிரதை.

இருப்பினும் 23 ஆண்டுகளுக்குப் பின், 1986 மார்ச் 31இல், மெக்ஸிகோவில் ஒரு போயிங் 727 விமானம், சூடேறிய பிரேக்கோடும், நைட்ரஜனுக்குப் பதிலாக வெறும் காற்று அடைத்த டயரோடும் கிளம்பி, 167 பேரைப் பலிகொண்டது. அந்த டயரின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.