கடைசி ஆள் வீடு திரும்பும்வரை: குழந்தைகளின் பின்னிரவு உறக்கம் குறித்து

ஆந்திரத்து நாகலாபுரம் வேதநாராயணர் கோயில் மேற்கு பார்த்தது. ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாள், மாலை ஆறு மணி அளவில், சாயும் வெயில் ராஜகோபுர வாசல் வழியாக உள்ளே நுழைந்து, ஏறக்குறைய 630 அடி தாண்டிக் கருவறைக்குள் விழுகிறது. முதல் நாள் பாதம், இரண்டாம் நாள் மார்பு, மூன்றாம் நாள் திருமுகம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாளின் பெயரால் ஏற்படுத்திய இந்த ஊரில், சூரியன் மறையும் நேரத்தை நிமிடக் கணக்கில் தெரிந்து வைத்திருந்த சிற்பிகள் இருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி. சூரிய பூஜை முடிந்து கூட்டம் கலையும்போது இருட்டத் தொடங்கிவிடும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வெளியே வரும் பிள்ளை அன்றிரவு பாயில் சாய்வதற்கு இன்னும் மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ ஆகலாம்.

இந்த மூன்று, நான்கு மணி நேரம்தான் இக்கட்டுரையின் பொருள்.

உலக அளவில் இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. ஜோடி மிண்டெல் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 17 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த, மூன்று வயதுக்கு உட்பட்ட 29,287 குழந்தைகளைப் பற்றித் திரட்டிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. நியூசிலாந்துக் குழந்தை சராசரியாக இரவு 7.27க்குப் படுக்கிறது, ஹாங்காங் குழந்தை 10.17க்கு. இந்தியாவும் கொரியாவும் இரண்டாவது முனைக்கு அருகே நிற்கும் ஆசியக் கூட்டத்தைச் சேர்ந்தவை. கொரியாவைத் தனியே எடுத்துக்கொண்ட 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இன்னும் கூர்மையாகச் சொன்னது: கொரியக் குழந்தைகள் மற்ற ஆசியக் குழந்தைகளைவிடவும் பிந்திப் படுக்கின்றன, பிந்தி எழுகின்றன, பகலிலும் இரவிலும் குறைவாகவே உறங்குகின்றன. இரண்டுமே பெற்றோர் சொன்னதை வைத்து எழுதிய கணக்கு. அதுவும் பெரும்பாலும் இணையம் கைக்கெட்டிய பெற்றோர் சொன்னது. ஆகவே இந்தியாவுக்கான எண்ணை அப்படியே எடுத்து நாகலாபுரத்தின் தெரு ஒன்றில் ஒட்டிவிட முடியாது. ஆனால் போக்கு இன்னதென்று காட்ட அது போதும்.

ஏன் இப்படி? முதலில் எல்லோர் வாயிலும் வரும் விடை வெளிச்சம். அது நிற்காது. சியோலில் கோடையில் சூரியன் மறைய மாலை எட்டு மணி ஆகிறது. கொரியாவின் கடிகாரம் 1961 முதல் ஜப்பானின் நேரத்தைப் பின்பற்றுவதால், அங்கே உச்சிப்பொழுதே பன்னிரண்டரை மணிக்குத்தான். நாகலாபுரத்தில் ஆண்டு முழுக்கப் பொழுது சாய்வது ஏறத்தாழ 5.40க்கும் 6.45க்கும் நடுவே; இந்திய நேரத்துக்கும் ஊர்ச் சூரியனுக்கும் வித்தியாசம் பத்துப் பதினொரு நிமிடம்தான். சூரியன் இவ்வளவு வேறுபட்டும் இரண்டு இடங்களிலும் குழந்தை பிந்தித்தான் உறங்குகிறது. கொரியாவின் கடும் குளிர்காலத்தில் ஐந்தேகாலுக்கே இருட்டினாலும் குழந்தை அப்போது படுப்பதில்லை.

இரண்டாவது விடை, தாய்க்குக் கண்டிப்பில்லை என்பது. குழந்தை மருத்துவரின் அறையிலிருந்து பள்ளியின் பெற்றோர் கூட்டம் வரை இதுதான் ஒலிக்கிறது. போனைப் பிடுங்குங்கள், டிவியை அணையுங்கள், எட்டரைக்குப் படுக்க வையுங்கள். அறிவுரை தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் எட்டரை மணிக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அது கேட்பதே இல்லை.

நாகலாபுரத்துக்குக் கிழக்கே சத்தியவேடு வட்டாரத்தில் ஸ்ரீசிட்டி இருக்கிறது. 2008இல் தொடங்கிய இந்தத் தொழில் நகரத்தில் கொரியாவின் எல்ஜி நிறுவனம் சுமார் 5,000 கோடி ரூபாய் முதலீட்டில் தன் ஆலைக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியது. கொரியாவின் ஷிப்டு மணியும் இந்த வட்டாரத்தின் அடுப்பும் இனி ஒன்றையொன்று அறிந்தே இயங்கப்போகின்றன. தெற்கே ஊத்துக்கோட்டை தாண்டினால் சென்னை வரை தொழிற்சாலைகள்; மேற்கே நகரி, புத்தூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே ஓடும் விசைத்தறிகள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் இந்தப் பகுதியில் வேலைக்குப் போகிறவரின் பொழுது ஊரின் பொழுதோடு ஒட்டுவதில்லை. ஜெனரல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர் வீடு சேர ஏழரை, எட்டு. பி ஷிப்டு என்றால் பத்து மணிக்கு வேலை முடிந்து, செருப்பைக் கழற்றும்போது பதினொன்று நெருங்கும்.

குழந்தையின் கண் எட்டு மணிக்கே சொக்கும். ஆனாலும் ‘அப்பா வரட்டும்’ என்ற இரண்டு சொல் அந்தத் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிடும். அவர் வருகிறார், குளிக்கிறார், சோறு போடுகிறார்கள். பிள்ளை அவர் தட்டிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொள்கிறது. பள்ளியில் நடந்தது, அடித்தவன் பெயர், தொலைந்த ரப்பர் எல்லாம் அப்போதுதான் அவிழ்கின்றன. ஆறு நாள் வேலை வாரத்தில் தகப்பனும் மகளும் விழித்த கண்ணோடு சேர்ந்திருக்கும் நேரம் அந்த ஒன்றரை மணி மட்டுமே. எட்டரைக்குப் படுக்க வை என்னும் கட்டளை அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் வெட்டச் சொல்கிறது. கொரிய வீடுகளிலும் இதே முடிச்சுதான் இருந்தது. வேலை முடிந்தும் அலுவலக விருந்துக்குப் போய் இரவில் திரும்பும் தகப்பன் என்பது அங்கே ஒரு தலைமுறையின் பொது அனுபவம். வாராந்தர வேலை நேரத்தின் உச்சவரம்பை 68 மணியிலிருந்து 52 மணியாகக் குறைக்கும் சட்டம் 2018 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

உறக்கம் தனி ஒருவரின் காரியம் என்ற எண்ணம் இந்தச் சமூகங்களில் வேர் பிடித்ததே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜப்பானிய நகரக் குடும்பங்களில் யார் யாரோடு படுக்கிறார் என்று காடிலும் பிளாத்தும் 1966இல் எழுதினார்கள். அதே கேள்வியை 1995இல் ரிச்சர்ட் ஷ்வெடரும் உடன் ஆய்வாளர்களும் புவனேசுவரத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிறு குழந்தையைத் தனியறையில் விடுவது அங்குள்ளவர்களுக்கு ஒழுக்கம் சார்ந்த தவறாகவே பட்டது. நாகலாபுரத்தில் இதற்கு ஆய்வே தேவைப்படாது; பாய் விரிக்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும். சுவரோரம் பாட்டி, அடுத்துப் பெரியவள், நடுவில் சின்னவன், அவனை அணைத்தபடி தாய். எல்லோரும் படுத்தால்தான் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால்தான் குழந்தை உறங்கும்.

இந்தப் பகுதியின் தெய்வங்களும் அப்படித்தான் உறங்குகின்றன. நாகலாபுரம் மண்டலத்திலேயே உள்ள சுருட்டப்பள்ளியில் ஆலகால விஷம் உண்டு களைத்த சிவன், பார்வதியின் மடியில் தலை வைத்துக் கிடக்கிறார். தேவர்களும் முனிவர்களும் சுற்றி நிற்கிறார்கள். லிங்கமாகவே காணக்கிடைக்கும் சிவன் இங்கே படுத்த கோலத்தில் இருப்பது அபூர்வம். ஆனால் களைத்தவர் தனியே விடப்படுவதில்லை என்ற குடும்பக் காட்சி யாருக்கும் புதிதல்ல. திருமலையில் கடைசிப் பக்தர் வெளியேறிய பிறகு, நள்ளிரவு கடந்து ஏகாந்த சேவை. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் வம்சத்தவர் பெருமாளுக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள். மூன்று மணி வாக்கில் சுப்ரபாதம் எழுப்பிவிடுகிறது. வேலை முடிந்தால்தான் வீட்டுக்கு உறக்கம் என்ற ஒழுங்கு இங்கே வழிபாட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

அப்படியானால் பின்னிரவு உறக்கத்தில் கேடே இல்லையா? உண்டு. அன்பின் பெயரால் அதை மறைக்கக் கூடாது. கைக்குழந்தை பகலில் தூளியில் உறங்கி இரவின் குறையை ஓரளவு ஈடு செய்துகொள்ளும். பள்ளிக்கூடம் தொடங்கியதும் அந்த வழி அடைபடுகிறது. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழரை. குறைந்தபட்ச அளவை வைத்துப் பார்த்தாலும் நாளுக்கு ஒன்றரை மணி நேரக் கடன். பள்ளி நாள் ஆறு என்றால் வாரத்துக்கு 9 மணி நேரம், அதாவது ஒரு முழு இரவு.

இந்தக் கடன் படிப்பில் எப்படி வசூலாகிறது என்பதற்கு இந்தியச் சான்றே இருக்கிறது. பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி ஓர் எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார்: நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்று, சூரியனோ கிழக்கே முந்தி மேற்கே பிந்தி மறைகிறது. பிந்தி இருட்டும் இடத்துப் பிள்ளைகள் பிந்திப் படுக்கிறார்கள். பள்ளி மணியோ எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அடிக்கிறது. சூரியன் மறைவது ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பள்ளி வயதுப் பிள்ளையின் உறக்கம் அரை மணி நேரம் குறைகிறது என்றும், நீண்ட கால அளவில் கல்வி 0.8 ஆண்டு குறைகிறது என்றும் அவர் கணக்கிட்டார். அடி அதிகம் விழுவது ஏழை வீட்டுப் பிள்ளைகள் மீது. பிந்திப் படுப்பதும் முந்தி எழுவதும் சேரும் இடத்தில்தான் இழப்பு நேர்கிறது என்பது இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். பிந்திப் படுப்பவரை விடிந்தபின் உறங்கவிட்டால் கடன் ஏறாது.

இன்னொரு சான்று சென்னையில் கிடைத்தது. 2021இல் வெளியான ஆய்வில், கணினியில் தரவு ஏற்றும் 452 தொழிலாளர்களின் உறக்கம் மணிக்கட்டுக் கருவியால் அளக்கப்பட்டது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் உண்மையில் உறங்கியது ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, தெருச் சத்தம், நெரிசல். காதடைப்பானும் கண் மறைப்பும் அறிவுரையும் கொடுத்து இரவு உறக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத் திறன் உயரவில்லை. வேலையிடத்தில் பகலில் அரை மணி நேரம் அமைதியாகப் படுக்கவிட்டபோது உயர்ந்தது. பெரியவர்களைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் அந்த அறைகளில்தான் குழந்தைகளும் படுக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் நேரத்தை உறங்கிய நேரமாக எண்ணும் அறிவுரைக்காரர் நகரியில் தறி ஓடும் வீட்டுக்குள் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும்.

கொரியா தன் இரவோடு போராடிய கதை இங்கே பயன்படும். நான்கு மணி நேரம் தூங்கினால் தேர்ச்சி, ஐந்து மணி நேரம் தூங்கினால் தோல்வி என்று பொருள்படும் வழக்குச் சொல் அங்கே மாணவர்களிடையே நெடுங்காலம் புழங்கியது. ‘ஹாக்வோன்’ எனப்படும் தனிப்பயிற்சிக் கூடங்கள் இரவு பத்து மணிக்கு மேல் இயங்கக் கூடாது என்று சியோல் விதி செய்தது. 2009இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஏற்றது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டு ஆடத் தடை 2011இல் வந்து, 2022 தொடக்கத்தோடு நீங்கியது. இரவுக்கு வேலி போடும் முயற்சிகள் இவை. வேலிக்கு உள்ளே போட்டித் தேர்வு அப்படியே இருந்ததால், கூடம் மூடிய பிறகும் வீட்டு மேசையில் படிப்பு தொடர்ந்தது. ஆந்திரத்தின் இன்டர்மீடியட் விடுதிக் கல்லூரிகளில் விடியலுக்கு முன் தொடங்கி இரவு வரை நீளும் ‘ஸ்டடி அவர்’ என்னும் படிப்பு நேரத்தை அறிந்த நாகலாபுரத்துப் பெற்றோருக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

அதே கொரியாவில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. கியோங்கி மாகாணக் கல்வித் தலைவர் லீ ஜே-ஜோங் 2014இல் பள்ளித் தொடக்கத்தைக் காலை 9 மணிக்குத் தள்ளினார். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி மணியை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. காலையில் இடம் கொடுத்தால் பிள்ளைகள் இரவை இன்னும் நீட்டிவிடுவார்கள் என்ற அச்சம் அங்கே மெய்ப்படவில்லை. மாணவர்களின் உறக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியதாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பூப்பெய்தும் வயதில் உடலின் கடிகாரமே பிந்திய நேரத்துக்கு நகர்கிறது என்று மேரி கார்ஸ்கடன் பல்லாண்டாகக் காட்டி வந்ததோடு இது பொருந்துகிறது.

திருப்பதி மாவட்டத்தின் அரசுப் பள்ளி மணி பழைய சியாட்டிலைப் போல அவ்வளவு முந்தி அடிப்பதில்லை. காலையைத் தின்பவை வேறு: பத்தாம் வகுப்புக்கு முன்காலைத் தனி வகுப்பு, ஆறரைக்கு டியூஷன், தூரத்துத் தனியார் பள்ளியின் பஸ் ஏழு மணிக்கே தெருமுனையில் நிற்பது. இவை எதுவும் சட்டத்தில் எழுதியதல்ல. தலைமையாசிரியரின் ஒரு சுற்றறிக்கை தனி வகுப்பை மாலைக்கு நகர்த்திவிடும். பஸ்ஸின் வழித்தடத்தை இரண்டாகப் பிரித்தால் கடைசி ஊர்ப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சும். இவற்றைவிட ஆலையின் ஏ ஷிப்டுதான் கடினம். ஆறு மணி வேலைக்கு ஐந்துக்கு முன்பே பஸ் வரும். தாய் நான்கு மணிக்கு எழுந்து உலை வைப்பாள். ஒற்றை அறை வீட்டில் விளக்கு போட்டதும் எல்லாக் கண்ணும் திறந்துவிடும். ஆலைகளில் ஊதிய ஒப்பந்தம் பேசும்போது கேன்டீன் சாப்பாடு, பஸ், ஓவர்டைம் எல்லாம் மேசைக்கு வருகின்றன. முதல் ஷிப்டை ஆறிலிருந்து ஏழுக்குத் தள்ளும் கோரிக்கையையும், வீட்டில் உறங்கும் பிள்ளையின் வயதைச் சொல்லி, அந்த மேசையில் வைக்கலாம்.