என் ராங்க் எழுதியிருந்த காகிதம்

1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டை வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்பில் என் ராங்க் இருக்கிறது: ஹவில்தார். எனக்கு மேலே சுபேதார், ஜமேதார். கீழே நாயக், சிப்பாய். வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கும் பட்டாளத்துக்காரர்களை வரிசை பிசகாமல் கூப்பிட்டுப் பேசியது அது. எழுதியவர் சிவகங்கைச் சீமையின் மருது பாண்டியர், மருது சகோதரர்களில் சின்னவர். ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டினார்கள். ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு கடமலைக்குண்டில் இலவந்தோப்பைப் பார்த்துவரும் பழைய பட்டாளத்தான் நான். எங்கள் ஊர் வழியாக இறங்கும் வைகைதான் கீழே மருதுவின் சீமையில் திருப்புவனத்தையும் மானாமதுரையையும் தொட்டுப் போகிறது. ஆனாலும் அந்தக் காகிதத்தை நான் வயசான பிறகுதான் முழுசாகப் படித்தேன்.

அதில் கெஞ்சல் கிடையாது. நவாபு முகமதலி இடம் கொடுத்ததால் வெள்ளையன் உள்ளே வந்தான். நீங்கள் ஒருத்தரை ஒருத்தர் பழித்துக்கொண்டே நாட்டைக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது சோறு தண்ணீராகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. பிராமணர் தொடங்கிச் சூத்திரர் வரைக்கும், கூடவே முசல்மான்களையும், மீசை வைத்த அத்தனை பேரையும் அழைக்கிறது. அச்சுக்கூடம் கையில் இல்லாத காலம். அதனால் பார்த்தவர்களே படித்து, எழுதி, அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். அப்படி எழுதி அனுப்பாதவனுக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். சிப்பாய் அதைக் காதில் வாங்காமல் போய்விடுவானோ என்ற பயம் எழுதியவருக்கு இருந்திருக்க வேண்டும். சாபம் அத்தனை கடுமையாக இருக்கிறது.

வெல்லிங்டனில் பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முழக்கம், ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். மதராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758 என்று கணக்கு வைக்கிறது. அப்படியானால் அந்தக் காகிதம் கூப்பிட்டது எங்கள் ரெஜிமென்ட்டின் முன்னோரைத்தான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலேயே நின்று, மருதுவைப் பிடிக்கக் காளையார்கோயில் காட்டுக்குள் புகுந்தவர்களும் அவர்கள்தான். ரெஜிமென்ட் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

மருதுவின் காகிதத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிப்பாய்களுக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பலர் முன்னாள் பட்டாளத்துக்காரர்கள். ஜேம்ஸ் நெய்லர் குவார்ட்டர்மாஸ்டராக இருந்தவர். அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் மட்டும், 1651-இல் டெர்பி சிறையிலிருந்த தன்னைக் கேப்டன் ஆக்குகிறோம் என்றபோது மறுத்து, சிறையிலேயே கிடந்தார். 1659-இல் எட்வர்ட் பரோ என்ற குவேக்கர் டன்கர்க் கோட்டைக்குப் போய் அங்கிருந்த ஆங்கிலப் பட்டாளத்துக்கு எழுதினார். சமாதானக்காரர் ஆயிற்றே, துப்பாக்கியைக் கீழே போடு என்றிருப்பார் என்று நினைத்துத்தான் படிக்கப் போனேன். அவரோ, போப்பின் ராஜ்யத்தில் சிந்திய ரத்தத்துக்குக் கடவுள் உங்கள் கையால் நியாயம் கேட்கலாம் என்றார்! அவர்களுக்கும் தெளிவு மெல்லத்தான் வந்திருக்கிறது. 1661 ஜனவரியில் லண்டனில் வென்னர் என்பவரின் கலகம் வெடிக்க, சம்பந்தமே இல்லாத குவேக்கர்களை ஆயிரக்கணக்கில் சிறையில் அடைத்தார்கள். அப்போதுதான் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் இரண்டாம் சார்லஸ் ராஜாவிடம் தங்கள் அறிக்கையைக் கொடுத்தார்கள்: எந்த நோக்கத்துக்காகவும், யாருக்காகவும் நாங்கள் ஆயுதம் எடுக்கமாட்டோம். பரோ 1663-இல் நியூகேட் சிறையிலேயே செத்தார். வயது முப்பதைத் தொடவில்லை.

மருதுவின் காகிதத்தில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. வெள்ளையனைக் கண்ட இடத்தில் கொல் என்கிறது அது. கோபத்தின் நியாயம் புரிகிறது. ஆனாலும் ஆயுதம் கையில் இல்லாதவனைச் சுடுவது பட்டாளத்தானின் வேலை இல்லை. குவேக்கர் வழியை முழுசாக ஏற்கவும் என்னால் முடியவில்லை. எல்லையில் நின்றவன் நான். ஆனால் இந்த இரண்டு தரப்பும் சிப்பாயைக் காது கேட்கிற, மனசு உள்ள மனுஷனாக மதித்தன. பட்டாளத்தில் எனக்கு வந்த காகிதம் எல்லாம் மேலிருந்து வந்த உத்தரவுதான். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை.

மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியை மற்ற கைதிகளோடு பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். ஐந்தே வருஷத்தில், 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராக எழுந்தார்கள்.

அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் வருசநாட்டு ரோட்டில் ஓடும் பையன்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். மார்பளவு, ஓட்ட நேரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு மருதுவின் காகிதம், பரோவின் காகிதம் இரண்டையும் பற்றிச் சொல்வேன். “உப்பைத் தின்னுட்டு மாறுனா துரோகம்தானேண்ணே” என்றான் ஒருத்தன். “உப்பு யாரு வெளைவிச்சது?” என்று பக்கத்திலிருந்தவன் அவன்மேல் பாய்ந்தான். நான் குறுக்கே போகவில்லை.