கிண்ணமும் கலயமும்

மனிதருக்குள்ளே மேல் கீழ் வகுத்த உலகம் அவர் பருகும் பொருள்களுக்குள்ளும் அதனை வகுத்தே வைத்திருக்கிறது. கோலாலம்பூர் நகரத்து உயர்ந்த ஓட்டல்களிலே, பனிக்கட்டி மிதக்கப் பளிங்குக் கிண்ணத்தில் வருவதற்குக் காக்டெயில் என்று பெயர். அதைப் பருகுவோர் நாகரிகர். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களிலே, நுரை பொங்கத் தகரக் குவளையில் வந்ததற்குக் கள் என்று பெயர். அதைப் பருகியவன் குடிகாரன். இவ்வுயர்வு தாழ்வுக்கு அடிப்படை யாது என்று சரித்திரத்தைக் கேட்டால், அது கூறும் விடை வியப்பையும் வெட்கத்தையும் ஒருங்கே தருவதாயிருக்கிறது.

குடிப்பது நன்று என்று வாதாட நாம் இதனை எழுதப் புகவில்லை. ஏழையின் குடியைப் பழிப்போர் செல்வன் குடியைப் போற்றுவது எந்த நீதி என்று கேட்கவே எழுதுகின்றோம்.

முதலாவதாகப் ‘பஞ்ச்’ என்னும் கலவையை எடுத்துக்கொள்வோம். இன்றைய காக்டெயில்களிற் பலவற்றுக்குத் தாய் இதுவே. பதினேழாம் நூற்றாண்டிலே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்த ஆங்கிலேயர் கொணர்ந்த பீர், வெப்பநாட்டுக் கடலில் புளித்துப் போயிற்று. திராட்சை மதுவோ கிடைப்பதரிது. ஆகவே, இந்தியக் கரைகளிற் கிடைத்த சாராயத்தை எடுத்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் நீரும் வாசனைச் சரக்கும் சேர்த்துப் பருகக் கற்றனர். சரக்கு ஐந்து, ஐந்தைக் குறிக்கும் ‘பஞ்ச’ என்னும் இந்தியச் சொல்லே அதற்குப் பெயராயிற்று என்பது பலர் ஏற்ற கொள்கை. அந்நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்த ஜான் பிரையர் என்னும் வைத்தியர் இக்காரணத்தை எழுதி வைத்திருக்கிறார். மரப்பீப்பாயைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததென்பாரும் உளர். எவ்வாறாயினும், 1632-ஆம் ஆண்டுக் கம்பெனிக் கடிதமொன்றிலே அச்சொல் வந்துவிட்டது. இலண்டன் பிரபுக்களின் மேசைமீது வெள்ளிப் பாத்திரத்தில் அமர்ந்த பானத்தின் பிறப்பிடம் நம்மவர் சாராயப் பானைதான்.

அடுத்தது ‘டாடி’. குளிர்காலத்திலே ஸ்காட்லாந்து தேசத்தார் விஸ்கியில் வெந்நீரும் சர்க்கரையும் கலந்து பருகுவதற்கு இப்பெயர். அங்கே அது தடுமனுக்கு மருந்து. பாட்டிமாரும் தயங்காது பருகும் பானம். இச்சொல்லோ, பனங்கள்ளைக் குறிக்கும் ‘தாரி’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லின் திரிபேயாம். ‘தார்’ என்பது பனை. பனையேறி கலயத்தில் இறக்கியதன் பெயர் கடல் கடந்து சென்று கனவானாகிவிட்டது. கலயமும் பனையேறியும் மட்டும் இழிந்த நிலையிலேயே நின்றுவிட்டனர். ஒரே சொல் இலண்டனில் மரியாதை, கிள்ளானில் அவமானம்! சொல்லுக்கே இக்கதியென்றால் மனிதனுக்குச் சொல்ல வேண்டுமோ?

‘அரக்’ என்பதும் அவ்வாறே. வியர்வை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. வாலையின் மூடியிலே துளிதுளியாய்க் கூடும் ஈரத்தைக் கண்டு இட்ட பெயர் போலும். பொருத்தமான பெயரே. எவர் வியர்வை எவர் கிண்ணத்தில் விழுகிறது என்பதே நமது கேள்வியாகலின்.

நிற்க. ‘காக்டெயில்’ என்னும் பெயர் அமெரிக்காவினது. 1806-ஆம் ஆண்டு நியூயார்க் இராஜ்யத்துச் சிற்றூர்ப் பத்திரிகையொன்று அதற்கு இலக்கணம் கூறிற்று: ஏதேனுமொரு சாராயம், சர்க்கரை, நீர், கசப்புச் சாறு. 1862-இல் ஜெர்ரி தாமஸ் என்பார் கலவை மதுக்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் கசப்புச் சாறோ மருந்துக் கடையிலிருந்து வந்தது. பேர்பெற்ற ‘அங்கஸ்துரா’ கசப்பை 1824-இல் வெனிசுவேலாவிலே செய்தவர் சீகெர்ட் என்னும் ஜெர்மன் வைத்தியர். நம் வீட்டுக் கஷாயத்தைப் போன்று, வயிற்றுக் கோளாறுக்கு என்று தொடங்கிய பொருள் அது.

அக்கசப்பு மலாய் நாட்டுக்கு வந்தபொழுது இந்நாட்டு மொழியிலேயே பெயர் கொண்டது. ஜின் மதுவிற் கசப்புச் சேர்த்தது ‘ஜின் பாஹிட்’. பாஹிட் என்பது மலாய் மொழியிற் கசப்பு. விஸ்கியிற் சோடா சேர்த்தது ‘ஸ்டெங்கா’. பாதி என்னும் பொருளுடைய ‘செத்தெங்ஙா’ என்பதன் சிதைவு அது. 1884-இல் நிறுவப்பட்ட சிலாங்கூர் கிளப்பிலும், 1890-இல் தோன்றிய லேக் கிளப்பிலும் மாலைதோறும் இவ்விரண்டுமே துரைமார் நாவில் ஒலித்தன. ஆளப்பட்டோர் மொழியைத் துரைமார் எதற்குக் கற்றனர் என்று பார்த்தால், வேலை வாங்கவும் மது கேட்கவுமே பெரிதும் கற்றனர் என்று தோன்றுகிறது. சிங்கப்பூர் ராபிள்ஸ் ஓட்டலின் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்பதை, ஏறக்குறைய 1915-இல், நியாம் தோங் பூன் என்னும் ஹைனான் சீனர் கலந்து கண்டார் என்பது வழக்கு. கலக்கும் கை ஆசியக் கை. பருகும் வாய் வேறு.

கிளப்பில் துரை காசு கொடுப்பதில்லை, சீட்டிலே கையொப்பமிடுவார், மாதக் கடைசியிற் கணக்குத் தீரும். அதே மாலை வேளையில் தோட்டத்துக் கள்ளுக்கடையின் முன்னே நின்றவனைப் பார்ப்போம். 1920-களின் பிற்பகுதியில், எளிதிற் சென்றடையத்தக்க பகுதிகளிலே தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயமான நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. அந்தக் கூலியிலிருந்தே அவன் கள்ளுக்குக் கொடுத்தான்.

தென்னம்பாளையைக் கட்டி, நுனி சீவி, கலயம் மாட்டினால் இனிய நீர் வடிகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது பதநீர். பூசாவிட்டால், காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதனைப் புளிக்கச் செய்து கள்ளாக்கிவிடுகின்றன. மறுநாள் அது காடியாகத் தொடங்கும். ஆகவே இறக்கிய இடத்தருகே, இறக்கிய நாளிலேயே விற்றாக வேண்டிய பண்டம் அது. தோட்டத்துக்குள்ளேயே கடை, கடைக்கு உரிமச் சீட்டு, வேறு பொழுதுபோக்கோ படிப்பகமோ பெரும்பாலும் இல்லை. விற்ற இலாபத்தைத் தொழிலாளர் நலத்துக்குச் செலவிட வேண்டுமென்பது ஏற்பாடு. தகப்பன் குடித்தால் மகனுக்குப் பந்து! இப்படியும் ஒரு தருமம் உலகில் இருந்ததென்று பின்வருவோர் நம்புவரோ?

இதனைத் தொழிலாளர் அறியாதிருக்கவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே எழுந்த வேலைநிறுத்தம் மலாய் நாட்டுத் தமிழர் சரித்திரத்தில் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னின்ற அக்கிளர்ச்சியின் கோரிக்கைகளைக் கவனியுங்கள்: சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, சங்கம் கூடும் உரிமை, அவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. குடிகாரன் என்று ஏசப்பட்டவனே கடையை மூடு என்று கேட்டான்! சர்க்கார் என்ன செய்தது? மே மாதத்தில் நாதனைக் கைது செய்து நாடு கடத்திற்று, சிலாங்கூரில் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது, துருப்புக்களை ஏவிற்று. துப்பாக்கிக் குண்டுக்குத் தொழிலாளர் சிலர் பலியாயினர்.

அக்கோரிக்கைகளுள் மற்றொன்றும் உண்டு. வெள்ளைத் துரையின் முன்னும் ஆசியச் சிப்பந்திகளின் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமலே செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது. பெண்களிடம் முறைகேடாக நடக்கும் வெள்ளையரையும் ‘கருப்பு ஐரோப்பிய’ரையும் தடுக்க வேண்டும் என்றும் கேட்டனர். ஆசியச் சிப்பந்திகள் யார்? கிராணிமாரும் கண்டக்டர்மாருமே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, கிராணி வேலையிற் காலங்கழிக்கும் நம்மைப் போன்றோரின் முன்னோரே. இவ்வரியைப் படிக்கும்தோறும் நமது தலை தாழ்கின்றது. துரையின் ஸ்டெங்காவைக் கண்டு ஆசை கொண்டோம். தொழிலாளியின் கள்ளைக் கண்டு மூக்கைப் பொத்தினோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்களிலும் தோட்டத்துப் பங்களாக்களிலும் மாலையில் விஸ்கிப் போத்தலைத் திறந்த நம்மவர், மறுநாட் காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, கள்ளின் கேட்டைப் பற்றித் தொழிலாளிக்கு உபதேசம் செய்யவும் நாணினாரில்லை.

யுத்தத்துக்குப் பின், 1946, 47-ஆம் ஆண்டுகளில், கெடாவின் தோட்டங்களிலே தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். பெரியார் ஈ. வெ. ராமசாமி 1929 டிசம்பரில் மலாய் நாட்டுக்கு வந்து சென்றவர். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபொழுது தமது தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டி வீழ்த்தியவர். அன்று மறியலின் முன்னணியில் நின்றோர் நாகம்மையாரும் கண்ணம்மாளும். குடியின் கேட்டை முதலில் உணர்பவள் அடுப்பெரிக்கும் பெண்ணேயாகலின், அது வியப்பன்று.

இனி, கோலாலம்பூரே உலகுக்கு அளித்த கிண்ணத்தைக் காண்போம். 1970-களில், அந்நாளைய ஹில்டன் ஓட்டலின் மதுக்கூடத்திலே, ஜெப்ரி ஓங் என்பார் ஒரு கலவையை ஆக்கினார். ‘ஜங்கிள் பேர்ட்’, அதாவது காட்டுப் பறவை, என்பது அதன் பெயர். கருநிற ரம், இத்தாலியரின் கசப்பு மதுவாகிய கம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு ஆகிய ஐந்தே சரக்கு. பழைய ‘பஞ்ச’க் கணக்குத் தவறாமல் வந்து நிற்பதைக் காண்க! 1989-இல் அமெரிக்க நூலொன்றில் இடம்பெற்ற பின்னர் அது உலகெங்கும் பரவிற்று. அது பிறந்த கட்டடமோ இன்று இல்லை.

அக்கிண்ணத்தைச் சற்றே பிரித்துப் பாருங்கள். ரம் என்பது கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகிலிருந்து வடிப்பது. கரும்போ, மொரீஷியஸிலும் நேட்டாலிலும் இந்நாட்டுப் புரொவின்ஸ் வெல்லஸ்லியிலும் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம்மவர் முதுகெலும்பை முறித்த பயிர். இங்கே ரப்பர் வருமுன்னரே கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். 1910-இல்தான் இந்தியாவிலிருந்து இந்நாட்டுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்பும் முறை நின்றது. அன்னாசி தென்னமெரிக்காவிலிருந்து வந்து, இம்மண்ணில் வேரூன்றி, இந்நாட்டுக் கனியாகவே மதிக்கப்படுகிறது. கனிக்குக் கிட்டிய அவ்வுரிமை வந்தேறிய மனிதனுக்கு எத்தனை தலைமுறைக்குப் பின் கிட்டிற்று என்பதை நாம் அறிவோம்.

ஏழையின் குவளை இன்று என்னவாயிற்று? ரப்பர் தோட்டங்கள் அழிந்து செம்பனையும் வீட்டு மனைகளும் பரவ, கள்ளுக்கடைகளும் அருகின. அவ்விடத்தைப் பிடித்தது ‘சம்சு’ என்னும் மலிவுச் சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்னும் நச்சு கலந்த மலிவு மதுவைப் பருகி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். அந்நஞ்சு உடலுள் அமிலமாக மாறி, முதலில் கண்பார்வையைக் கெடுத்துப் பின் உயிரைக் கவர்கின்றது. நூறாண்டுக்கு முன் நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று நேப்பாளியும் வங்காளியும் பர்மியரும் நிற்கின்றனர். ஆள் மாறினானேயன்றி, அவன் கைக்குவளை மாறவில்லை.

அன்பர்களே! கிண்ணத்தின் குலத்தை விசாரித்தோம். அதன் மூதாதை கலயமே என்று கண்டோம். ஆகவே, குடியை ஒழிக்க வேண்டுமென்போர் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கட்டும். அதனினும் முதன்மையாக, 1941-இல் கிள்ளான் தொழிலாளர் கேட்ட வரிசையை நினைவிற் கொள்வோம். கடையை மூடு என்பதை அவர்கள் தனித்துக் கேட்கவில்லை. கூலி, பள்ளி, மருந்து, மரியாதை ஆகியவற்றோடு சேர்த்தே கேட்டனர். இவற்றைக் கொடாது குவளையை மட்டும் பறிக்க வருவோனை உபதேசி எனலாம். சீர்திருத்தக்காரன் எனல் ஒல்லாது. இவ்வுண்மையை முதலிற் கற்கவேண்டியவர், சைக்கிளில் சென்றவனை இறங்கச் சொன்ன வகுப்பிற் பிறந்த நாமேயாவோம்.